மாமா ஊர் பார்க்கப் போனது

என் தாய்மாமாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். யுத்தம் முடிந்து, பட்டாளத்துக்காரர்கள் போக மற்றவர்களுக்கும் ரயிலில் இடம் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. தூத்துக்குடி ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டி ஊதினால் எங்கள் வீட்டில் மாமாவின் கால் இன்னும் வேகமாக ஆடும்.

ஒருநாள் அம்மா அவரைப் பனிமய மாதா படம் வாங்கிவரச் சொல்லி கிரேட் காட்டன் ரோட்டுக்கு அனுப்பினாள். மாமா தாஜ்மகால் படத்தோடு வந்து நின்றார்.

"மாதா படம் எங்கலே?"

"மாதா நம்ம ஊர்லயேதான யக்கா இருக்காவ. நெனச்சா போய்ப் பாத்துக்கிடலாம். இத எங்கன போய்ப் பாக்க?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படம் சுவரில் ஏறியது. பிறகு குதுப்மினார் வந்தது, இமயமலை வந்தது, ஒரு மூலையில் கிசுகிசுத்தால் மறு மூலையில் கேட்குமாமே, அந்த பீஜப்பூர் கும்மட்டமும் வந்தது. திருநெல்வேலியைத் தாண்டியிராத மாமா ஒவ்வொன்றையும் நேரில் பார்த்துவிட்டு வந்தவர்போல் சொல்லுவார். நான் வாயைப் பிளந்து கேட்பேன். எனக்கும் ராத்திரி தூக்கம் கெட்டது.

அப்பா சங்கு குளிப்பவர். எங்கள் கடலுக்கு முத்துக்குளிப்பால்தான் பேர். ஆனால் அது நினைத்த வருஷமெல்லாம் வராது. எங்களுக்குச் சோறு போட்டது சங்குதான். கடலுக்கடியில் இருப்பவர் கயிற்றை இழுத்ததும் மேலே தூக்க வள்ளத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவன் சம்மதிப்பான் என்பது கணக்கு. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் இந்த ஒரு மாமாதான்.

அந்த மார்கழியில் ஒருநாள் அப்பா மூக்கிலும் காதிலும் ரத்தம் காய்ந்துபோய் வீட்டுக்கு வந்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். மாமா உள்ளே வரவேயில்லை, வேலியோரமாகவே நடந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அத்தையின் புருஷனும் அதே வள்ளத்தில் போனவர். அத்தைதான் நடந்ததை அம்மாவிடம் சொன்னாள். மாமா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே துடுப்புத் தண்டு வலிப்பவர்களுக்கு இமயமலையை விவரித்துக்கொண்டிருந்தாராம். உச்சிக்கு ஏறிவிட்டவருக்குக் கீழேயிருந்து அப்பா இழுத்தது தெரியவில்லை. வேறொருவர் பாய்ந்து வந்து கயிற்றைப் பிடுங்கித் தூக்கியிருக்கிறார்.

அம்மா படங்களையெல்லாம் கிழித்துவிடப் போகிறாள் என்று நான் நடுங்கிப்போனேன். அவள் சுவர்ப்பக்கமே போகவில்லை. விடிந்ததும் அப்பா வள்ளத்துக்குக் கிளம்பிவிட்டார்.

"என்னைக்கோ ஒருநா கை தவறுததுதான். அதுக்காவ கண்டவன் கையிலயா கயிறக் குடுக்க முடியும்?" என்றார்.

அம்மா வேலியோரம் நின்ற மாமாவிடம் போய், தன் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"இத வித்துட்டுப் போலே. ஆசப்பட்டதெல்லாம் பாத்துட்டு வா."

மாமா தேம்பித் தேம்பி அழுதார். கயிறு பிடிக்க ஆளில்லாமல் தான் என்ன செய்வது என்று அப்பா கேட்டதற்கு, அவன் வரும்வரைக்கும் உப்பளத்து வேலைக்குப் போகலாம் என்றாள் அம்மா. தோடு அதற்குள் கைமாறிவிட்டது.

நானும் போவேன் என்று ஸ்டேஷனில் புரண்டு அழுதேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. "அடுத்த சீசனுக்குள்ள வந்துரு மாப்ள" என்றார் அப்பா. அம்மா ஜன்னல் வழியாகச் சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தாள்.

"அவசரப்பட்டு ஓடியாராத. ஒண்ணையும் விட்டுராம நிதானமாப் பாரு."

இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மகளையும் கூட அனுப்பியிருந்தால் பெருமை இன்னும் கூடியிருக்கும்.

எப்போதாவது மாமாவிடமிருந்து படம் போட்ட கார்டு வரும். தாஜ்மகால் வந்த அன்று அப்பா உப்பில் வெடித்த பாதங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கார்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அதான் பாத்துட்டாம்லா, இனி வந்துருவான். வந்ததும் கடலுக்குப் போயிர வேண்டியதுதான்."

அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏளா, ஒன் பூகோளப் புஸ்தகத்த எடு. அவன் பாக்கதுக்கு இன்னும் என்னல்லாம் கெடக்கு?"

நான் வாசித்தேன். காஷ்மீர் ஏரி, ஜெர்சப்பா நீர்வீழ்ச்சி, காசிப் படித்துறை, டார்ஜிலிங் மலை. ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. நான் நிறுத்தியதும், "அவ்வளவுதானா?" என்று பதறினாள்.

மாமாவின் கிறுக்கு அம்மாவுக்கும் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். புத்தகத்தில் இல்லாத மலைகளையும் அருவிகளையும் நானே உண்டாக்கி வாசித்துக்கொண்டே போனேன்.