தாம்பாளத்தில் வந்த ஃபிளாப்பி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு ஃபிளாப்பி வந்தது. சும்மா வரவில்லை. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம் சகிதம் தாம்பாளத்தில் வந்தது. லேபிள் மேல் குங்குமப் பொட்டு வேறு!

கொண்டுவந்தவர் சம்பந்தி. முக்கூடல்காரர், ரிட்டயர்டு தாசில்தார். என் மகளை அவர் மகனுக்குப் பேசி முடித்திருக்கிறோம். கல்யாணப் பத்திரிகையை வீட்டுக் கம்ப்யூட்டரில் நானே அடித்துத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்திருந்தேன். அவர்கள் பக்கத்துப் பெயர்களை, யாருக்குப் பின் யார் என்ற வரிசை பிசகாமல் அடித்து, ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஃபிளாப்பியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார் மாப்பிள்ளை.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஆனால் கம்ப்யூட்டரில் போடத்தான் மனம் வரவில்லை.

ஏன்? அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் என் புத்தகம் இருக்கிறது. இந்த இதழில் என் பக்கத்துக்கு எழுதியவற்றில் தேறியதை எடுத்து, திருத்தி, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எட்டு மாதமாகச் சேர்த்தது. நகல் எடுத்து வைத்த ஃபிளாப்பி இரண்டும் பூஞ்சை பிடித்துப் படுத்துவிட்டன. வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு முதல் புத்தகம்... விட்டுவிட முடியுமா?

வைரஸ் பயம் எனக்குப் புதிதல்ல. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ஆசாமி நான். கம்ப்யூட்டர் வாங்கிய வாரமே ஓசியில் கிடைத்த ஆன்டிவைரஸ் மூன்றையும் ஏற்றிவிட்டேன். ஒன்றுக்கு மூன்றாக இருக்கட்டுமே என்று!

என்ன நடந்தது தெரியுமா? முதலாவது, இரண்டாவதை வைரஸ் என்றது. இரண்டாவது, மூன்றாவதைக் கையும் களவுமாகப் பிடித்தது. மூன்றாவது இரண்டு பேர் மேலும் புகார் சொன்னது. நான் அன்று சோறு தின்னவில்லை.

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் ஜெபமணி டீச்சரிடம் ஓடினேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒரு வாசலுக்கு மூணு வாச்மேன் போட்டா அவங்களுக்குள்ளதான சார் அடிச்சிக்கிடுவாங்க? ஒண்ணே ஒண்ணு வைங்க."

"எத வைக்க டீச்சர்?"

"மாசாமாசம் புதுசு வாரது எதுன்னு பாருங்க. படம் காட்டுததப் பாத்து மயங்காதீங்க."

பார்த்தேன். ஒன்று, முப்பது நாள்தான் ஓசி. அதற்கப்புறம் திறக்கும்போதெல்லாம் கை நீட்டும். இன்னொன்றில் படமெல்லாம் ஜோர். ஆனால் அது இரண்டு வருஷப் பழசு — புது வைரஸ் எதுவும் அதற்குத் தெரியாது. மூன்றாவது பார்க்க ஒன்றுமில்லை, வெறும் எழுத்து. வீட்டு உபயோகத்துக்கு எப்போதும் இலவசம். புதுசு வரும்போதெல்லாம் டீச்சரே ஃபிளாப்பியில் போட்டுத் தருவார். அதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தூக்கிப் போட்டேன்.

ஏற்றினால் மட்டும் போதாது. செட்டிங்கில் போய்ச் சொல்லி வைக்க வேண்டும். எந்த ஃபிளாப்பி வந்தாலும் முதலில் சோதி. என்னைக் கேட்காமல் எதையும் அழிக்காதே. அப்புறம், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஃபிளாப்பியைத் தேடிப் போகாமல் நேரே ஹார்டு டிஸ்க்குக்குப் போ — இது டீச்சர் வற்புறுத்திச் செய்ய வைத்தது. மறந்து உள்ளேயே விட்டுவிட்ட ஃபிளாப்பி வழியாகத்தான் பாதி வைரஸ் ஏறுமாம்.

சரி, சம்பந்தியை நிற்க வைத்துவிட்டேனே...

கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். சம்பந்தி பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். என் மனைவி காப்பியோடு வந்து காதைக் கடித்தாள்.

"அந்தச் சோதனைய அணைச்சு வையுங்க. பொண்ணு வாழப்போற இடம்லா!"

அணைப்பது ஒரு நிமிட வேலை. கை மவுஸ் வரை போனது. புத்தகம் ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

ஃபிளாப்பியைப் போட்டேன். திரையில் 'சோதிக்கப்படுகிறது' என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஓடியது. தாசில்தார் கண்ணில் படாமல் போகுமா?

"என்ன வே, நாங்க கொண்டாந்தத சோதிச்சுத்தான் உள்ள விடுவீரோ?"

"அண்ணாச்சி, கோவப்படாதிய. எல்லா ஃபிளாப்பிக்கும் இதான் வழக்கம்."

"தாம்பாளத்துல வந்ததுக்குமா? எம்மவன் இன்ஜினியர் வே!"

நான் பதில் சொல்வதற்குள் — 'பீப்'! சிவப்புக் கட்டம். வைரஸ்!

என் மனைவி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சம்பந்தி எழுந்தார். கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். நேரே எங்கள் டெலிபோனுக்குப் போய் மகனைக் கூப்பிட்டார்.

"ஏலே, ஃபிளாப்பில வைரஸ் இருக்குன்னு இங்கன சொல்லுதாரு..."

அந்தப் பக்கம் பேசியது ரிசீவரைத் தாண்டி எங்களுக்கே கேட்டது. "அய்யோ அப்பா, அதைப் போடாதீங்க! ஆபீஸ்ல நேத்து சாயங்காலம் ரெண்டு கம்ப்யூட்டர் சுத்தமாப் போயிட்டு!"

சம்பந்தி ரிசீவரைப் பைய வைத்தார். திரும்பி வந்து சிவப்புக் கட்டத்தைக் காட்டினார்.

"சோதிக்காமப் போட்டிருந்தா, இதுக்குள்ள நீரு எழுதி வச்சிருக்க புஸ்தகம்?"

"போயிருக்கும் அண்ணாச்சி."

"நான் பேசுன பேச்சுக்கு வேற ஆளா இருந்தா சோதனைய அணைச்சிருப்பான். நீரு பயந்தாங்கொள்ளின்னுல்லா நெனச்சேன்!"

பயந்தாங்கொள்ளிதான். பயந்ததால்தான் அணைக்கவில்லை!

சுத்தம் செய்யட்டுமா என்று கேட்டது, 'ஆம்' தட்டினேன். ஒரு பெயர்கூடச் சேதமில்லை. ஒன்றுவிட்ட பெரியப்பா வரை அத்தனை பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். செவ்வாய்க்கிழமை முக்கூடலுக்கே என்னை வரவழைத்தார் சம்பந்தி. இன்ஜினியர் மாப்பிள்ளைக்கு, எட்டாம் வகுப்பு மாமனார் செட்டிங் சொல்லிக் கொடுத்தேன். அவர் நோட்டில் குறித்துக்கொண்டார்!

வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சகத்துக்குப் போனது, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல். மறுநாள் கல்யாணப் பத்திரிகையை அடித்து, அவர்கள் சரிபார்க்க ஃபிளாப்பியில் ஏற்றி, தாம்பாளத்தில் வைத்து முக்கூடலுக்குக் கொண்டுபோனேன். மாப்பிள்ளை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் தயங்கித் தயங்கி, "மாமா, தப்பா நினைக்காதீங்க..." என்று சோதிக்கப் போட்டார்.

பெண்ணைச் சரியான இடத்தில்தான் கொடுக்கிறேன்!