பொடிஜல்லி போடாத வளைவு

நீலவார் ரப்பர் செருப்பு ஒன்றை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. எண்பதுகளில் நான் தருமபுரிப் பக்கம் சாலை ஆய்வாளராக இருந்தேன். எங்கள் ரோலர் டிரைவரை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். புதிதாகப் போட்ட ரோடு ஆறியதும் அவர் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றி, அந்த நீலவார்ச் செருப்புக் காலால் அழுத்தித் தேய்ப்பார். செருப்பு பிடித்து நின்றால்தான் ரோலரை அடுத்த இடத்துக்கு நகர்த்துவார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சோதனை. ஒரு நாளும் பொய்த்ததில்லை.

நல்லம்பள்ளிக்கு அப்பால் ஏரிக்கரை வளைவில் தார் ஊற்றிய அன்று, மேலதிகாரி இரண்டு நாளில் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பொடிஜல்லி தூவினால் தெறித்து அவருடைய கார்க் கண்ணாடியில் படுமாம். அதனால் தூவ வேண்டாம், ரோடு கருகருவென்று மின்னட்டும் என்றார் எங்கள் பொறியாளர். எவனாவது இப்படி யோசிப்பானா? நாங்கள் யோசித்தோம். மறுநாள் பாய் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். கால் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது.

"சார், ஜல்லி இல்லாம டயருக்குப் பிடிமானமே கிடையாதுங்க. மார்கழிப் பனி எறங்குச்சுன்னா பஸ்ஸு நிக்காதுங்க," என்றார்.

"செருப்பு தேஞ்சு போச்சு பாய், புதுசு வாங்குங்க," என்றார் பொறியாளர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மார்கழியில் ஒரு காலை, பனியில் நனைந்திருந்த அந்த வளைவில் பிரேக் போட்ட பஸ் வழுக்கி ஏரிக்குள் இறங்கியது. உயிர்கள் தப்பின, டிரைவரின் வலது முழங்கால் நொறுங்கியது. அதிவேகம் என்று எழுதி அவருடைய வேலையைப் பறிக்கப் பார்த்தார்கள். விசாரணைக்கு யாரும் கூப்பிடாமலே பாய் தண்ணீர்க் கேனோடு போய், ரோட்டுக்கு வந்து பாருங்கள் என்று நின்றார். ரோலர் ஓட்டுகிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று துரத்தினார்கள். பிறகு என்னைக் கேட்டார்கள். பொடிஜல்லி போட்டோம் என்று கூசாமல் சொன்னேன். என் வேலை போய்விடும் என்ற பயம். வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை. பஸ் டிரைவரின் வேலை போயிற்று. இன்று வளைவுக்கு வளைவு 'வழுக்கும், மெதுவாகச் செல்லவும்' என்று பலகை நடுகிறார்கள். ரோட்டை ஒழுங்காகப் போடத் துப்பில்லாதவர்கள் ஓட்டுகிறவனுக்குப் புத்தி சொல்கிறார்கள்.

அடுத்த மாதமே, சத்தமில்லாமல், அந்த வளைவில் மறுபடி தார் ஊற்றி ஜல்லி தூவச் சொன்னார்கள். வேலை நடக்கும்போது அந்த பஸ் டிரைவர் கட்டையை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏங்க, அன்னைக்கே போட்டாச்சுன்னு சொன்னீங்களே. இப்ப எதுக்குங்க போடறீங்க?"

என் பதில் காதில் விழட்டும் என்று பாய் ரோலரை அணைத்தார். நான் ஜல்லி தூவுகிற பெண்கள் பக்கம் திரும்பி, சீக்கிரம் ஆகட்டும் என்று சத்தம் போட்டேன்.