மாமாவின் கவிதைக்கு என் கூப்பன்

எங்கள் வீட்டில் முதன்முதலில் அச்சில் ஏறியவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. காக்கையைப் பற்றி நான்கு வரி. எழுதியதைவிட அதை அச்சேற்றியதுதான் பெரும்பாடு. முதல் தடவை தாளின் இரண்டு பக்கமும் எழுதி அனுப்பினேன்; வரவில்லை. அடுத்த தடவை ஒரு பக்கம் மட்டும் எழுதினேன், அப்போதும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் சிறுவர் பகுதியின் மூலையில், பொடி எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்ததைப் பிறகுதான் படித்தேன். அந்த வாரக் கூப்பனை வெட்டி ஒட்டாமல் வரும் படைப்புகளைக் குப்பையில் போடுவோம் என்பதை மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். சோற்றுப் பருக்கையால் கூப்பனை ஒட்டி, அதில் பெயர், வயது, பள்ளிக்கூடம் எல்லாம் நிரப்பி அனுப்பினேன். காக்கை வந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. தேக்காவில் மளிகைக் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போகும் இரண்டு அறை வீடு எங்களுடையது. அந்த இரண்டு அறைக்குள் பத்திரிகைக்கு எழுதும் வித்தை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு. அப்பாவுக்குப் பத்திரிகை என்றால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு முகத்தின்மேல் போட்டுக்கொண்டு தூங்குவதற்கு. அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். மீதி இருந்தது மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் ஒரு கிடங்கில் குமாஸ்தா. அவர்களைப் பெற்றவள் ஜொகூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிப் பிழைத்து, மாமா நடைபழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தது அம்மாதான். அதனால் இருபத்தாறு வயதிலும் அவர் அம்மாவுக்கு முன்னால் வாய்திறக்க மாட்டார். திறக்காத வாய்க்கெல்லாம் சேர்த்துக் கவிதை எழுதினார். பச்சை மையில், தாளின் இரண்டு பக்கமும், ஓரத்தில் இருக்கும் வெள்ளை இடத்தையும் விடாமல் எழுதுவார். கூடவே ஆசிரியருக்கு ஒரு கடிதம். அது கவிதையைவிட நீளமாக இருக்கும். போனது போனதுதான். ஒன்றும் அச்சில் வந்ததில்லை.

"பேப்பர்ல பேரு வந்தா சோறு வந்துருமாடா?" என்பாள் அம்மா. கேட்டுக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

இந்த மாமாவுக்கு என்மேல் தனிப் பாசம் என்று நான் நம்பியிருந்தேன். துறைமுகத்துக்குப் போகிற பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். ஆனாலும் தினமும் காலையில் என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். நான் உள்ளே போன பிறகும் எதிர்ச்சாரியில், கடைவாசல்களை ஒட்டிய அஞ்சடி நடைபாதையின் நிழல் பக்கத்திலேயே இருக்க, அதை விட்டுவிட்டு வெயிலில் நிற்பார். எங்கள் வகுப்பு டீச்சர் நீலக் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, குடையை மடக்கி வாசலுக்குள் நுழையும் வரைக்கும் நிற்பார். நான் பத்திரமாக இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போகிறார் என்று பெருமையாக இருக்கும். மற்றப் பிள்ளைகளின் மாமாக்கள் யாரும் அப்படி நிற்பதில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது, மார்க்கெட்டில் கேட்டுவந்த செய்தியை அம்மா சொன்னாள்.

"உங்க டீச்சருக்கு ஈப்போவிலேர்ந்து மாப்பிள்ளை வீடு வருதாம். அடுத்த மாசம் பொண்ணு பாக்குறாங்களாம்."

மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. குழம்பில் உப்பு அதிகமோ என்று அம்மா கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார்.

இன்றைக்கு எனக்கு அவர் நிலைமை நன்றாகப் புரிகிறது. அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில், எனக்கு இன்ன பெண்ணைக் கட்டிவை என்று வளர்த்த அக்காவிடம் கேட்பதைவிடக் கடலில் குதிப்பது எளிது. டீச்சருக்குக் கடிதம் போடலாம் என்றால், தபால்காரர் கொடுப்பதையெல்லாம் வாங்கிப் பிரிப்பதற்கென்றே அவருடைய அப்பா நாரிஸ் ரோட்டு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தடை சொல்லாமல் அந்த வீட்டுக்குள் அவர் விடுவது ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை மட்டும்தான். ஆகவே ஈப்போக்காரர்கள் வருவதற்குள் மாமாவின் கவிதை பத்திரிகையில் வந்தாக வேண்டும். அவருக்கு வேறு வழி இல்லை.

அன்று சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன் காக்காவ மட்டும் எப்படிலா போட்டாங்க?"

"நீங்க ரெண்டு பக்கமும் எழுதுறீங்கள்ல, அதான் மாமா. ஒரு பக்கந்தான் எழுதணும். ஓரத்துல இடம் விடணும். ஆசிரியருக்குக் கடுதாசி எல்லாம் வேணாம்."

"பச்சை மை?"

"கூடாது," என்றேன். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. ஆனால் மாமா பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்ததால் இன்னொன்றும் சொல்லிவைக்கலாம் என்று தோன்றியது.

நீல மையில், ஒரு பக்கத்தில், அழகான கையெழுத்தில் எழுதினார். மேலே 'அவளுக்கு' என்று தலைப்பு.

நீலக் குடைபிடித்து நீநடக்கும் வீதியிலே
வேலை மறந்துநான் வெயிலிலே நிற்கின்றேன்
பெண்ணே உன் நிழலில் பாதியிடம் தருவாயோ?

இப்படிப் போயிற்று. எனக்குக் காக்கை அளவுக்கு அது பிடிக்கவில்லை. உறையில் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, "மறக்காம பெட்டியில போட்ரு" என்று என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினார்.

உறையை அவர் ஒட்டவில்லை. எடுத்துப் பார்த்தால், பாவம், கூப்பனை மறந்துவிட்டார்! இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று எனக்குப் பகீரென்றது. இந்த வாரக் கூப்பன் ஒன்றுதான் இருந்தது. அதை என்னுடைய பட்டாம்பூச்சிப் பாட்டுக்காக வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் பட்டாம்பூச்சியை நினைத்தேன். பிறகு தட்டில் சாப்பிடாமல் நின்றுபோன மாமாவின் கையை நினைத்தேன். சோற்றுப் பருக்கையைத் தேய்த்து மாமாவின் தாளில் ஒட்டினேன். வயது இருபத்தாறு என்றும், பள்ளிக்கூடம் என்ற இடத்தில் துறைமுகக் கிடங்கு என்றும் நேர்மையாக நிரப்பினேன். உறையின்மேல் கொட்டை எழுத்தில் 'சிறுவர் பகுதி' என்று எழுதிப் பெட்டியில் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்ததும் மாமா கவிதைப் பக்கத்தை மேலும் கீழும் தேடினார். முகம் தொங்கிப்போயிற்று. நான் சிறுவர் பகுதியைத் திருப்பினேன்.

"வந்துருச்சு மாமா! மேலேயே போட்ருக்காங்க!"

மேலேயேதான் போட்டிருந்தார்கள். பூ வளைவெல்லாம் வரைந்து, நடுவில் 'அன்னையின் அன்பு' என்று தலைப்பு. சிறுவர் பகுதியை நடத்தியவர் மிகுந்த பொறுப்புள்ளவராக இருக்க வேண்டும். 'பெண்ணே' இருந்த இடங்களில் எல்லாம் 'அம்மா' என்று மாற்றியிருந்தார். துறைமுகக் கிடங்கை எடுத்துவிட்டார். பிள்ளை கைதவறி எழுதியிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, வயதைப் பன்னிரண்டு ஆக்கியிருந்தார்.

மாமா பார்த்தார். "என்ன காரியம் பண்ணிட்டலா நீ," என்றார், சத்தமே வராமல்.

"என்னடா அது?" என்று அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"மாமா எழுதுனது வந்துருச்சும்மா! அம்மாவப் பத்தி!"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, என்னைப் படிக்கச் சொன்னாள். வகுப்பில் படிப்பதைப் போல் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். முதல் வரியிலேயே அவள் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார். படித்து முடித்தபோது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கையில ஏதுடி குடை," என்றாள். "மழை பேஞ்சா தலையில சாக்குதான்."

செத்துப்போன தாயை நினைத்து அழுகிறாள் என்று எனக்கும் அழுகை வந்தது. பிறகு அம்மா கத்தரிக்கோல் எடுத்து, அப்பா இன்னும் முகத்தில் போட்டுக்கொள்ளாத பத்திரிகையில் அந்த இடத்தை மட்டும் வெட்டி, முருகன் படத்துக்குப் பக்கத்தில் செருகிவைத்தாள். மத்தியானம் அப்பாவின் மூக்கு அந்த ஓட்டை வழியாகத் தெரிந்தது.

மாமாவோ அன்று முழுவதும் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எல்லாம் போயிற்று என்று நினைத்திருப்பார். அவர் மறந்த ஒன்று உண்டு. திங்கட்கிழமை முதல் பாடத்தில் எங்கள் டீச்சர் சிறுவர் பகுதியைத்தான் வகுப்புக்குப் படித்துக்காட்டுவார்.

மறுநாள் டீச்சர் பத்திரிகையை விரித்தார். "அன்னையின் அன்பு" என்று ஆரம்பித்தார். நீலக் குடை என்றதும் குரல் மெதுவாயிற்று. வெயிலிலே நிற்கின்றேன் என்ற இடத்தில் நின்றே போயிற்று. பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நான் எழுந்து நின்றேன். "அது எங்க மாமா டீச்சர்!"

பன்னிரண்டு வயதில் மாமா இருப்பது எங்கள் வகுப்பில் யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. டீச்சர் பத்திரிகையை இறக்கியபோது முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் நின்றது. சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. மணி அடித்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கவிதை நல்லா இருந்துச்சுன்னு உங்க மாமாகிட்ட சொல்லு." பத்திரிகையை நான்காக மடித்தார். "இனிமே வெயில்ல நிக்க வேணாம்னும் சொல்லு."

சாயங்காலம் மாமா படியேறி வந்ததும், அம்மா காதிலும் விழுகிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். மாமாவின் உடம்பைப் பற்றி டீச்சருக்கு எவ்வளவு அக்கறை! மாமா சட்டையைக்கூடக் கழற்றாமல் திரும்பக் கீழே இறங்கி எங்கேயோ போனார். மரப்படியில் அவர் கால் வைத்த வேகத்துக்குக் கீழே மளிகைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அம்மா அரிசி களைந்துகொண்டே என்னிடம் கேட்டாள்: "உங்க டீச்சர் குடை வச்சிருப்பாங்களாடி?"

"வச்சிருப்பாங்களே."

"என்ன கலரு?"

"நீலம். ரொம்ப அழகா இருக்கும்மா."

அம்மா களைந்த அரிசியையே இன்னொரு தடவை களைந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா பட்டுச்சேலை கட்டி, அப்பாவையும் வெள்ளை வேட்டி கட்டவைத்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் அடுக்கினாள். மாமா மட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"எங்கம்மா போற?"

"உங்க டீச்சர் வீட்டுக்குத்தான். அந்தக் குடை விஷயமா."

கையில் குழந்தையாக வந்த தம்பி, வாய்திறந்து கேட்க வழியில்லாமல் இத்தனை நாள் வெயிலில் நின்றிருக்கிறானே என்றுதான் அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை அழுதாள். அது எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றுதான். அம்மாவுக்குக் குடை பிடித்துப்போய்விட்டது. எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்கப் போகிறாள்.

படியில் இறங்குகிறவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாம்மா. சிவப்புல."

அம்மா திரும்பிப் பார்த்தாள். தாம்பாளம் ஆடும் அளவுக்குச் சிரித்தாள். "சரிடி," என்றாள்.

சிவப்புக் குடை தை மாதம் வந்தது. அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தது டீச்சர்தான். அத்தை என்று கூப்பிடச் சொன்னார்கள். எனக்கு வாய் வரவே இல்லை.