மூன்று கை கேட்கும் பெட்டி

என் அக்கா பார்க்கும் உத்தியோகத்துக்கு இரண்டு வாசகம் தெரிந்தால் போதும். ஒன்று "தொடாதீங்க". இன்னொன்று "அந்தப் பக்கம்", கழிவறை எங்கே என்று கேட்பவர்களுக்கு. அருங்காட்சியகத்தின் இரண்டாவது கூடத்தில், வாள்களுக்கும் பானைகளுக்கும் நடுவே ஒரு முக்காலியில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஒரு தூசித் துணி இருக்கும். கூட்டம் இல்லாத நேரத்தில் கண்ணாடிகளைத் துடைப்பாள். கூட்டம் இருக்கிற நேரமே அபூர்வம் என்பதால் அந்தக் கூடத்துக் கண்ணாடிகள் நன்றாகவே இருக்கும்.

நான் அதே ஊரில் சரித்திர வாத்தியார். ஆக, எங்கள் குடும்பத்தில் இரண்டு பேரும் பழைய சாமான்களை வைத்துத்தான் பிழைக்கிறோம். அவள் வாயை மூடிக்கொண்டு பிழைக்கிறாள், நான் திறந்துகொண்டு. எந்தப் பிழைப்பில் ஆபத்து அதிகம் என்பது போன வருடம்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்கு முதலில் அப்பாவைச் சொல்ல வேண்டும். அப்பா தகர வேலைக்காரர். ட்ரங்குப் பெட்டி, புனல், ஓட்டை வாளிக்குப் புது அடி, இதுதான் அவர் உலகம். வீட்டில் ஒரு மிட்டாய் ஜாடி இருந்தது. காலையில் யார் முதலில் எழுகிறார்களோ அவர்கள் வயிற்றுக்குள் ஜாடி காலியாகிவிடும். எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பத்து. அடித்துப் பார்த்தார், ஒளித்துப் பார்த்தார், நடக்கவில்லை. மூன்று நாள் பட்டறையில் தட்டிக்கொண்டே இருந்தவர் நாலாம் நாள் ஒரு பெட்டியோடு வந்தார். மேலே செம்புத் தகடு, உள்ளே எண்ணெய் டின். மூன்று பக்கத்தில் மூன்று குமிழ். மூன்றையும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் மூடி திறக்கும். சாத்துவதற்கு ஒரு விரல் போதும்.

"ஆளுக்கு ரெண்டு கைதான். மூணாவது கைக்கு இன்னொருத்தர் தயவு வேணும்" என்றார். அவர் பேசி நான் கேட்டதில் நீளமான பேச்சு அதுதான்.

அக்காவும் நானும் முந்தின நாள் சண்டை போட்டிருந்தால் மறுநாள் மிட்டாய் கிடையாது. எங்களுக்குள் சண்டை இல்லாத நாளே கிடையாது. அதனால் அந்த வருடம் எங்கள் பற்கள் மிக நன்றாக இருந்தன. ஒருமுறை ரோஷம் பொத்துக்கொண்டு வந்து பெட்டியைக் கல்படியில் ஓங்கிப் போட்டேன். பெட்டி திறக்கவில்லை, இடப்பக்கம் ஒரு பள்ளம் விழுந்தது. என் முதுகிலும் ஒன்று விழுந்தது. அம்மா மட்டும் இரண்டு கையையும் முகவாயையும் வைத்துத் தனியாகத் திறந்து தின்றிருக்கிறாள். அது எங்களுக்குத் தெரிந்தபோது நாங்கள் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றிருந்தோம்.

அம்மா போன பிறகு, கடைசி ஐந்து மாதம் அப்பா அக்கா வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நான் ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போவேன். ஒரு ஞாயிறு பேச்சு தடித்தது. "அப்பாவ வச்சு ஊர்ல நல்ல பேரு வாங்கிக்கிறே" என்று சொல்லிவிட்டேன். எழுத இப்போதும் கை கூசுகிறது. அக்கா பழத்தை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறு வாரம் அப்பா யாரையோ பிடித்துக்கொண்டு பட்டறைக்குப் போய் அரைநாள் எதையோ தட்டினார். திரும்பி வந்து, "பட்டறையில மிட்டாய்ப் பொட்டிக்குள்ள ஒண்ணு வச்சிருக்கேன். தம்பியக் கூப்பிட்டு ரெண்டு பேருமாத் தெறங்க" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். ஆறு நாளில் போய்விட்டார்.

அக்கா என்னைக் கூப்பிடவில்லை. கோபம். நானோ பட்டறையைக் காலி செய்கிற பொறுப்பை எடுத்துக்கொண்டு, பழைய இரும்புக்கடைக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டேன், பெட்டி உட்பட. தூக்கும்போது உள்ளே ஏதோ கலகலத்தது. ஆணி என்று நினைத்தேன். மறுநாள் அக்கா மனசு மாறிப் பட்டறைக்கு வந்தபோது அங்கே துடைப்பம்தான் இருந்தது. அன்றோடு பேச்சு நின்றது. ஒன்பது வருடம்.

போன வருடம் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டிய டிராயிங் மாஸ்டர் கால் பிசகிப் படுத்துவிட்டார். அருங்காட்சியகம் என் தலையில் விழுந்தது. இரண்டாவது கூடத்தில் அக்கா முக்காலியில் இருந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன், அவள் பார்த்துக்கொண்டே பார்க்காத மாதிரி இருந்தாள். அந்தக் கூடத்தில் புதிதாக ஒரு கண்ணாடிப் பேழை. உள்ளே பாசி நிறம் ஏறிய ஒரு பெட்டி. 'அரண்மனை நகைப்பெட்டி. காலம்: சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன். இதுவரை திறக்கப்படவில்லை.'

நாற்பது பிள்ளைகள் முன்னால் சும்மா நிற்க முடியுமா? ராணிகள் நகை வைத்த விதம், பணிப்பெண்களின் கட்டுக்காவல், அக்காலக் கைவினைஞர்களின் நுட்பம் என்று ஒரு பிடி பிடித்தேன்.

"சார்" என்றாள் அக்கா. ஒன்பது வருடத்தில் முதல் வார்த்தை. "இடப்பக்கம் ஒரு பள்ளம் இருக்கு பாருங்க. அது எப்படி வந்துச்சுன்னும் புள்ளைங்களுக்குச் சொல்லுங்க."

"போர்க்காலத்தில் ஏற்பட்டிருக்கலாம்" என்றேன்.

பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பிறகுதான் பள்ளத்தைப் பார்த்தேன். முதுகு சுளீர் என்றது.

பிள்ளைகளை வாள்களின் பக்கம் அனுப்பிவிட்டு முக்காலி அருகே போனேன். அக்கா குரலை ஏற்றாமல் சொன்னாள். பழஞ்சாமான் சேர்க்கிற யாரோ ஒருவர் இரும்புக்கடையில் பொறுக்கி வைத்திருந்தாராம். அவர் காலமானதும் வீட்டார் மொத்தத்தையும் இங்கே கொடுத்துவிட்டார்களாம். நாலு மாதமாக இருக்கிறது.

"அதிகாரிகிட்ட உண்மையச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா எண்ணெய் டின்னுன்னு கீழ குப்பை ரூமுக்கு அனுப்பிடுவாங்க. அப்பாவுக்கு ஒரு போட்டோகூட கிடையாது. இதையாவது தெனம் தொடச்சிக்கிட்டு இருந்தேன்." துணியை மடித்தாள். "இப்ப அதுவும் போகப்போகுது. பூட்டுக்காரங்க மூணு பேரு வந்து பாத்துட்டாங்க, முடியல. நாளன்னிக்கு கட்டிங் மெஷின் வெச்சு அறுக்கப் போறாங்க."

"அறுத்தா?"

"அறுத்தா என்ன இருக்கும்? ரெண்டு துண்டு தகரம் இருக்கும்." மடித்த துணியை மறுபடி பிரித்தாள். "என்கிட்ட ரெண்டு கைதான்டா இருக்கு."

மெஷின் வருகிற நாள் நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அதிகாரி கண்ணாடியைத் திறக்கச் சொல்லியிருந்தார், மெஷின்காரர் வயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். "சார், நாங்க ஒரு தடவ பாக்கறோம்" என்றாள் அக்கா. பத்தொன்பது வருடத்தில் அவள் கேட்ட முதல் வரம். அதிகாரி திகைப்பில் சரி என்றுவிட்டார்.

நான் இரண்டு குமிழ், அவள் ஒன்று. களிம்பு ஏறி அவை குமிழ் மாதிரியே தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது.

"மூணு சொன்னதும். நீ எப்பவும் முன்னாடியே அமுக்கிடுவே."

இரண்டிலேயே அமுக்கினேன். திட்டினாள். மறுபடி எண்ணினாள். மூடி துள்ளித் திறந்தது.

மூடியின் உட்புறத்தில் 'சுத்தமான சமையல் எண்ணெய். ஒரு கரண்டி இலவசம்' என்று அச்சாகியிருந்தது. அதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் கரண்டி இலவசமாகத் தந்திருக்க மாட்டார்கள் என்பதை அவராகவே யோசித்து அக்காவின் முக்காலியில் உட்கார்ந்தார். எங்கள் அப்பா செய்தது என்று அக்கா சொன்னாள், மிட்டாய் முதல் இரும்புக்கடை வரை. அவர், "பதிவேட்டுல ஏறினத எறக்க முடியாதும்மா. சீட்டுல என்னன்னு மாத்தி எழுதறது?" என்று கேட்டார். அக்கா அப்பாவின் பெயரைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

உள்ளே இரண்டு தகர வளையங்கள் கிடந்தன, கவ்விகள் மாதிரி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்றை எடுத்துக் குமிழ்மேல் மாட்டினேன். கச்சிதமாகப் பிடித்து அமுக்கிக்கொண்டது. மூடியைச் சாத்தினேன். மற்ற இரண்டு குமிழையும் நானே அமுக்கினேன். திறந்தது.

மூன்றாவது கை. நாங்கள் இனி சேர மாட்டோம் என்று பயந்து, தனித்தனியாகவே திறந்துகொள்ள அப்பா ஆளுக்கு ஒன்று செய்திருக்கிறார். செய்து, பத்திரமாக இருக்கட்டும் என்று, இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கிற பெட்டிக்குள் வைத்துச் சாத்தியிருக்கிறார்.

"இந்த மனுஷனுக்கு மூளையே கிடையாது" என்றேன்.

"மறந்துபோய் உள்ள வச்சாருன்னா நெனக்கிறே?" என்றாள் அக்கா.

குமிழில் இருந்த கவ்வியைக் கழற்றி, உள்ளே கிடந்ததையும் எடுத்தாள். தூசித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். இரண்டையும் பெட்டிக்குள் போட்டு, ஒரு விரலால் மூடியைச் சாத்தினாள்.

அதிகாரி முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "அய்யய்யோ, என்னம்மா பண்ணிட்டீங்க! உள்ள இன்னும் போட்டோகூட எடுக்கலயே! மறுபடி எப்படித் தெறக்கறது?"

"தம்பி வருவான் சார்" என்றாள் அக்கா.