பத்து நிமிடம் என்று மூன்று முறை எழுதினேன்

எங்கள் ஆன்லைன் ஆடுபுலி ஆட்டத்தில் வாராந்தரப் போட்டியின் இறுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. ஞாயிறு காலை. சர்வர் படுத்துவிட்டது. காரைக்குடி அலுவலகத்தில் உட்கார்ந்து, ஆடுபவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வது என் வேலை. அதற்கென்று எதுவும் படித்தவனில்லை. பேசிப் பேசியே கற்றுக்கொண்டவன்.

"பராமரிப்புப் பணி, பத்து நிமிசத்துல வந்துரும்னு குரூப்புல போடுங்க" என்றார் முதலாளி. போட்டேன். பத்து நிமிடம் கழித்து அதையே மறுபடியும் போட்டேன். மூன்றாவது முறை போட்டதும் தேவகோட்டையிலிருந்து மீனாட்சி ஆச்சி போன் செய்தார். அந்தச் சுற்றில் முன்னணியில் இருந்தவர்.

"பத்து நிமிசம், பத்து நிமிசம்னு இழுக்குறீகளே, அது என்ன ரப்பரா? உலை வைக்காம போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. நான் சோத்தை வடிச்சிட்டு வாரேன்."

வெட்கமாகிவிட்டது. சர்வரைப் பார்க்கும் சுந்தரியிடம் போய்க் கேட்டேன்.

"நாம போட்ட அப்டேட்தான்ணே கெடுத்துருச்சு. இன்னைக்கு எடுத்த பாயிண்ட் பூராம் போச்சு, திரும்ப வராது. எப்பச் சரியாகும்னு எனக்கே தெரியலை."

அதை அப்படியே எழுதினேன். தவறு எங்களுடையது, இன்றைய புள்ளிகள் அழிந்துவிட்டன, எப்போது சரியாகும் என்று தெரியாது, செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பன்னிரண்டு மணிக்கு எழுதுவேன். இறுதிச் சுற்று நாளை முதலிலிருந்து நடக்கும் என்றும் சேர்த்தேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

முதலாளி வந்து நின்றார். "நம்ம வீட்டுக் குப்பையை நீங்களே தெருவுல கொட்டுறீகளா? அழிங்க. இல்லைன்னா நாளைக்கு இங்குட்டு வராதீக."

"அழிக்க மாட்டேன். பன்னெண்டு மணிக்கு எழுதுறேன்னு சொல்லியிருக்கேன். என்னை அனுப்புறதை அதுக்கப்புறம் வச்சுக்கங்க."

பன்னிரண்டு மணிக்கு 'இன்னும் சரியாகவில்லை' என்று எழுதினேன். ஒரு மணிக்கும் அதேதான். திட்டு குவிந்தது. 'ஆட்டைப் புலி தின்னுச்சு, புலியை நீங்க தின்னுட்டீகளா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். மூன்று மணிக்குச் சர்வர் எழுந்தது.

ஆச்சியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'பாயிண்ட் போன கோவம் இருக்கு. ஆனாலும் நாளைக்கு ஆட வாரேன்.' முதலாளி அதை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். 'வராதீக' என்றதை அவர் வாபஸ் வாங்கவில்லை. நான் மறுநாள் ஒன்பது மணிக்கு வந்து இறுதிச் சுற்றைத் தொடங்கிவைத்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சர்வர் விழத்தான் செய்யும். எழும் நேரம் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். அடுத்து எப்போது எழுதுவீர்கள் என்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள், முதலாளியே குறுக்கே நின்றாலும்.