வாளியோடு வள்ளமேறிய ஜெயந்தா

ஜெயந்தாவுக்குக் கோபம் மூக்குநுனியில் என்பார்கள். சுத்தப் பொய். யாழ்ப்பாணத்து ஆய்வுகூடமொன்றில் எட்டு வருடமாக அவள் செய்யும் வேலையைக் கோபக்காரி ஒரு நாள் தாங்கமாட்டாள். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணிக்கைகளுக்குப் பூச்சுப் பூச வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஸ்கானில் உறுப்புகளைத் துலக்கிக் காட்ட இப்போது ஏற்றுகிற மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும்; சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஏற்றத் தயங்குவார்கள். அதற்குப் பதிலாக இந்த இரும்பை ஏற்றினால் ஈரலே எடுத்துக்கொள்ளும். சரிவந்தால் பெரிய காரியம்.

நெடுந்தீவில் இருக்கும் அவளுடைய அக்கா கத்தரீனாவுக்கு ஈரலில் ஒரு கட்டி. என்ன கட்டியென்று அறிய மருந்து ஏற்றி ஸ்கான் எடுக்க வேண்டும். இரண்டு தடவை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு தடவையும் இரத்தத்தைப் பார்த்து, சிறுநீரகம் சரியில்லையென்று திருப்பிவிட்டார்கள்.

இரண்டாம் தடவை ஜெயந்தா கேட்டாள்: "அக்கா, கடைசியா எப்ப தண்ணி குடிச்சனீங்கள்?"

"நேற்றுப் பின்னேரம். குடிச்சிட்டு வள்ளத்திலை எங்கையடி போறது?"

ஜெயந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வள்ளமேறும் நாளில் ஊர்ப் பெண்கள் தண்ணீர் தொடமாட்டார்கள். ஒரு மணித்தியாலக் கடல், பிறகு பஸ்; ஒதுங்க இடமில்லை. உடம்பில் தண்ணீர் வற்றினாலே இரத்தம் சிறுநீரகம் பழுதென்று காட்டும். அவளும் அப்படி வளர்ந்தவள்தான். டொக்டரிடம் சொல்ல எல்லோருக்கும் வெட்கம். சிறுநீரகத்தைக் காப்பாற்றவென்று எட்டு வருடம் இரும்போடு மாரடித்தவளுக்கே இது தோன்றவில்லையே! அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"உங்கடை மருந்து எப்பவடி வரும்?" என்றாள் அக்கா.

"பத்து வருசமாகும். கட்டி அதுவரைக்கும் பாத்துக்கொண்டிருக்குமே?"

மூன்றாம் தடவைக்கு ஜெயந்தா முதல் நாளே ஊருக்குப் போனாள். விடிந்ததும் அக்காவுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் பருக்கினாள். மூடிபோட்ட வாளியோடும் தடித்த படுக்கைவிரிப்போடும் வள்ளமேறினாள்.

"உது என்னத்துக்குப் பிள்ளை?" என்றார் வள்ளக்கார இராயப்பு.

"கக்கூசு. நீங்கள் கட்டேல்லை, நான் கொண்டு வந்திட்டன்!"

வள்ளம் முழுக்கக் கேட்டது. நடுக்கடலில், வள்ளத்தின் பின்பக்கம் விரிப்பைப் பிடித்துக்கொண்டு, பார்த்த ஆண்களையெல்லாம் முறைத்தபடி நின்றாள். விரிப்புக்குள்ளே கத்தரீனா வெட்கத்தில் அழுதாள்.

அன்று இரத்தம் சரியாக இருந்தது. மருந்து ஏற்றி ஸ்கான் எடுத்தார்கள்.

பின்னேரம், குறிகட்டுவான் துறையில் ஊர் திரும்பும் வள்ளத்துக்குள் ஜெயந்தா கால் வைக்குமுன்பே, காலையில் கூட வந்த மூன்று பெண்கள் கிட்ட வந்தார்கள். ஒருத்தி மெல்லக் கேட்டாள்:

"தங்கச்சி, அந்த வாளி இருக்கோ?"