மழையில் அம்மாவைக் கொன்ற கதை

மழை கொட்டினால்தான் கதையில் யாராவது சாக முடியும் என்று நம்பிய வயது. மலேசியாவில் தம்பினுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம், ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் லயத்து வரிசை வீடு. கோயில் திருவிழாவில் பிள்ளைகள் தாங்கள் எழுதிய கதையை மேடையேறி வாசிக்கலாம். என் குரல் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும். கேட்டுப் பெண்களெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைக்க வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

ஆகவே அம்மாவைக் கொன்றேன். இடி, மின்னல், ஊதற்காற்று. அடைமழையில் பால் வெட்டப் போன தாய் வழுக்கி விழுந்து, இரண்டு பக்கம் பேசிவிட்டுச் செத்தாள். உயிரோடிருந்த அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டே கேட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அக்காதான் சிரித்தாள். செனாவாங் தொழிற்சாலையில் அவளுக்கு ஷிப்ட் வேலை. பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தவள், சீருடையைக்கூட மாற்றாமல் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மழையில எவடி மரம் வெட்டுவா? பாலெல்லாம் தண்ணியோட போயிருமே. வேலை வாங்குற மண்டோரே, இன்னிக்கு வேலையும் இல்ல கூலியும் இல்ல, வீட்டுக்குப் போங்கன்னு வெரட்டிருவாரு லா."

"கதையில வெட்டலாம்."

"வெட்டு. கேக்கப்போறது பூரா மரம் வெட்டுறவங்க. அழ மாட்டாங்கடி, உன்னைய ஓட்டியே கொன்னுருவாங்க."

அழுதது நான்தான். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சரி, மழை பேஞ்சா நம்ம அம்மா நெசமா என்னா செய்வாங்க? சொல்லு."

மழை நாள் எனக்குக் கொண்டாட்டம். அம்மா வீட்டில் இருப்பாள். கதவைத் திறந்து வானத்தைப் பார்ப்பாள், மறுபடி பார்ப்பாள், மரவள்ளி அவித்து எங்களுக்குக் கொடுப்பாள், தனக்குப் பசியில்லை என்பாள். சொல்லச் சொல்ல அக்காவின் சிரிப்பு நின்றது.

"இத எழுது."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினேன். அவள் பேனாவோடு படித்தாள். 'வானம் கதறியது' போயிற்று. "நம்ம ஊர்ல ஏதுடி ஊதக்காத்து?" அதுவும் போயிற்று. 'மழை வெறித்த பிறகும் அம்மா பசியில்லை என்றாள்' என்ற கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை மூடினாள்.

"இங்க ஒரு உவமை போடவாக்கா?"

"தொடாத."

"ஏன்?"

"தொடாதன்னா தொடாத லா."

இன்று புதிதாக எழுதுகிறவர்கள் தங்கள் கதைகளைத் திருத்தச் சொல்லி என்னிடம் நம்பிக் கொடுக்கிறார்கள். வரிகளை அடிக்க யாராலும் முடியும். எந்த வரியில் பேனாவை மூட வேண்டும் என்று பக்கம் பக்கமாகத் தேடுகிறேனே, அந்தத் தேடல் அக்கா போட்ட பிச்சை.

அந்தத் திருவிழாவில் வாசித்தேன். அம்மா வானம் பார்க்கும் இடத்தில், "எங்க வீட்லயும் இதே கூத்துதான்!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. கடைசி வரியில் சத்தமே இல்லை. ஒரு முந்தானைகூட அசையவில்லை. பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோற்றுவிட்டேன், எல்லாம் அக்காவால்தான் என்று பொருமிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு தட்டு நிறையச் சோறு போட்டு அம்மா முன்னால் வைத்தாள். அம்மா மறுத்துப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். கடைசிக் கவளம்வரை அக்கா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கதை எப்படி இருந்தது என்று இரண்டு பேருமே சொல்லவில்லையே என்பதுதான் அன்று என் ஒரே கவலை.